தரையின் தயவால்

செய்தி வந்தபோது காலை பதினொன்று பத்து. நூலகத்தில் புதிதாக வந்த புத்தகங்களின் முதுகில் எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் ஆணி. அண்ணனோடு பதினெட்டு வருடமாக வீடு மாற்றும் வேலை செய்பவன். ஒல்லி உடம்பு, பெரிய தலை, அதனால் ஆணி.

“அக்கா, அண்ணன் சோபாவுல உக்காந்தாரு. எந்திரிக்கல.”

“அவன் என்னைக்கு உக்காந்த உடனே எந்திரிச்சிருக்கான்?” என்றேன்.

உட்கார்ந்த அண்ணனை எழுப்புவது எங்கள் வீட்டில் லேசுப்பட்ட காரியமில்லை. “ஓய்வில் இருக்கும் பொருள், வெளிவிசை ஏதும் தாக்காதவரை ஓய்விலேயே இருக்கும்” என்று பத்தாம் வகுப்புப் பாடத்தை ஒப்பித்துவிட்டுக் காலை நீட்டிக்கொள்வான். அண்ணி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வருவாள். “இந்தா, வெளிவிசை வந்திருக்கு” என்பாள். அதற்குப் பிறகுதான் பொருள் நகரும்.

“இல்லக்கா,” என்றான் ஆணி. “இந்தத் தடவ நிஜமாவே எந்திரிக்கல.”

அது வாடிக்கையாளர் ஒருவரின் சோபா. மூன்றாவது மாடியிலிருந்து இறக்கி, வண்டியில் ஏற்றும் முன் நடைபாதையில் வைத்திருந்தார்கள். “ஆணி, ரெண்டு நிமிஷம்டா” என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறான். வீட்டுக்காரர் தங்கமான மனிதர். மருத்துவர் வந்து பார்த்துச் சொல்லும்வரை அண்ணன் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாராம். பிற்பாடு வீட்டுக்கு வந்தபோது அவர் சொன்னது இது: “எங்க வீட்டுல அந்த சோபாவுல அவ்வளவு சௌகரியமா யாரும் உக்காந்ததில்லைங்க.”

அண்ணனைப் பற்றி எழுதுவதென்றால் இரண்டு மதிப்பெண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு. பொதுத் தேர்வுக்கு யாரை அனுப்புவதென்று பள்ளியே வைக்கும் தேர்வு. இயற்பியல் தாள். கேள்வி இப்படி: குதிரை ஒன்று வண்டியை இழுக்கிறது. குதிரை எவ்வளவு விசையோடு வண்டியை முன்னால் இழுக்கிறதோ, அதே அளவு விசையோடு வண்டியும் குதிரையைப் பின்னால் இழுக்கிறது. பிறகு வண்டி எப்படி நகர்கிறது? இரண்டு மதிப்பெண்.

அண்ணன் எழுதிய விடை இரண்டே சொல்: தரையின் தயவால்.

வாத்தியார் அதன் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டமான பூஜ்யம் போட்டு, “தரை என்ன உன் மாமாவா?” என்று எழுதியிருந்தார். மொத்தம் முப்பத்து மூன்று. தேற முப்பத்தைந்து வேண்டும்.

விடைத்தாளில் அப்பாவின் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்பா கண்ணாடி மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். “தரைகிட்ட தயவு கேட்ட நேரத்துல வாத்தியார்கிட்ட கேட்டிருக்கலாமேடா” என்றார்.

அண்ணன் அதையும் செய்தான். ஆசிரியர் அறை வாசலில் ஒரு பீரியட் முழுக்க நின்றான்.

“உராய்வுன்னு ஒரு சொல் எழுதியிருந்தா ஒண்ணாவது போட்டிருப்பேன்,” என்றார் வாத்தியார்.

“சொல் ஞாபகம் வரல சார். விஷயம் ஞாபகம் இருந்துச்சு.”

“விஷயத்துக்கெல்லாம் மார்க் கிடையாது. போ.”

போனான். அடுத்த வருடம் அதே பெஞ்சில் உட்கார மறுத்து, லாரியில் சாமான் ஏற்றும் வேலைக்குப் போய்விட்டான். வகுப்பில் வைத்த பட்டப்பெயர் மட்டும் கூடவே போயிற்று. பள்ளிக்கூடத்தில் தயவு, லாரிக் கொட்டகையில் தயவு, பிறகு சொந்தமாக ஒரு மூடுவண்டி வாங்கியபோது அதன் இரு பக்கமும் நீலத்தில் ‘தயவு ஷிஃப்டிங்’. கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி, இவர் ஏதோ பெரிய தர்மவான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம். விஷயம் தெரிந்ததும் மூன்று நாள் சிரித்தாள். அண்ணன் மூன்று நாள் பேசவில்லை.

ஏனென்றால் அவனுக்கு அது சிரிப்பான விஷயமில்லை. வீடு, வண்டி, அண்ணி எல்லாம் அமைந்தது. ஆனாலும் யாராவது, “நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?” என்று கேட்டால் முகம் மாறிவிடும். “பத்தாவது. ரெண்டு மார்க் இன்னும் வரல” என்பான். தபாலில் வந்துகொண்டிருப்பதைப் போலச் சொல்வான். நாற்பது வருடம் அப்படித்தான் சொன்னான்.

வேலையில் அவனுக்கு ஒரு முறை உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் தரையை இரண்டு முறை தேய்த்துப் பார்ப்பான். பிறகு நகர்த்த வேண்டிய பொருளின் காலுக்கடியில் ஈரச் சாக்கைத் திணிப்பான். தள்ளுகிறவர்கள் நிற்கும் இடத்தை உலர்ந்த துணியால் தானே துடைப்பான். “பொருளுக்கு வழுக்கணும், நமக்குப் பிடிக்கணும். இத மாத்திச் செஞ்சா பொருள் நிக்கும், நாம போயிடுவோம்” என்பான். இதைச் சொல்லாமல் அவன் ஒரு மேசையைக்கூட நகர்த்தியதில்லை.

எல்லாம் தெரிந்தும் சறுக்கியதுண்டு. ஒருமுறை மீன் தொட்டி ஒன்றைத் தண்ணீரோடு ஏற்றிக்கொண்டு போனான். பின்னால் சாமான் நிறைந்துவிட்டது என்று தொட்டியை முன்சீட்டுக்குப் பின்னால் கட்டி வைத்திருந்தார்கள். குறுக்கே ஒரு நாய் வந்தது. பிரேக் போட்டான். வண்டி நின்றது, நாய் நின்றது. தண்ணீர் நிற்கவில்லை. அன்று மாலை சட்டையைப் பிழிந்துகொண்டே, “நான் பிரேக் போட்டது வண்டிக்குத் தெரியும். தண்ணிக்கு யாரு சொல்றது?” என்றான். ஆணியின் சட்டைப் பையிலிருந்து ஒரு ஆரஞ்சு மீனை உயிரோடு எடுத்துத் தொட்டியில் விட்டார்களாம். அந்த மீன் அதற்குப் பிறகு ஆணியைப் பார்த்தால் தொட்டியின் மறுகோடிக்குப் போய்விடும் என்று அண்ணன் சத்தியம் செய்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் ஒரு முதியவர் வீடு மாற்ற ஆள் கேட்டு அழைத்தார். போய்க் கதவைத் தட்டினால் இயற்பியல் வாத்தியார்.

அன்று நான் அங்கே இல்லை. அண்ணன், ஆணி, வாத்தியார், வாத்தியாரம்மா நான்கு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். முதல் மூன்று பேரில் ஒவ்வொருவரும் தான் மட்டும் விழவில்லை என்று சொன்னதால், வாத்தியாரம்மா சொன்னதை வைத்தே எழுதுகிறேன்.

வாத்தியாருக்கு அண்ணனை அடையாளம் தெரியவில்லை. அவருக்கு எழுபத்து நான்கு வயது. முகமெல்லாம் பெருமை.

“வாங்கப்பா, வாங்க. உங்களுக்கு வேலையே வைக்கல நான். எல்லாத்தையும் தயார் பண்ணிட்டேன். கூடத்துல உராய்வே கிடையாது.”

பீரோவை எளிதாக நகர்த்த வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஒரு வாளி சோப்புத் தண்ணீரைக் கூடம் முழுக்க ஊற்றி, அவரே கையால் பரப்பியிருந்தார். பீரோவுக்கு அடியில் மட்டுமல்ல. சுவர் முதல் சுவர் வரை.

அண்ணன் வாசலிலேயே செருப்பைக் கழற்றி, தரையை ஒரு முறை காலால் தேய்த்தான். இரண்டாவது முறை தேய்க்க அவசியமே இருக்கவில்லை. நேராகப் பீரோ வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

“பாத்தியா, எவ்வளவு சுலபம்!” என்றார் வாத்தியார்.

அது இரும்புப் பீரோ. உள்ளே புத்தகமும் காகிதமும் அடைத்திருந்தது. அண்ணன் கையை வைத்துத் தள்ளினான். பீரோ அசையவில்லை. அண்ணன் பின்னால் போனான். ஆணி வந்து சேர்ந்துகொண்டான். இரண்டு பேரும் பின்னால் போனார்கள்.

“முதுகைக் குடுத்துத் தள்ளுங்கப்பா!”

முதுகைக் கொடுத்தார்கள். இப்போது முகம் காட்டிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்கள்.

“என்னப்பா இது, இளவட்டம் மாதிரி இருக்கீங்க, தெம்பே இல்லையே,” என்று வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வாத்தியாரம்மா அடுப்படி நிலைப்படியில் நின்றிருந்தார். அந்த வீட்டில் உலர்ந்த இடம் அது ஒன்றுதான்.

“வேணாங்க,” என்றார் அவர்.

மூன்று பேரும் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லித் தள்ளினார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், பீரோவுக்கு எதிர்த்திசையில் கிளம்பி, எதிர்ச் சுவரில் சாய்ந்து, மெதுவாக உட்கார்ந்தார்கள். பீரோவின் கண்ணாடியில் மூவரும் வரிசையாகத் தெரிந்தார்கள்.

“நாப்பது வருஷமா இந்த வீட்டுல ஒரு டம்ளரக்கூட நகர்த்தாத மனுஷன்,” என்றார் வாத்தியாரம்மா, “இன்னிக்குத் தானா நகர்றாரு.”

சோப்பு நுரையில் உட்கார்ந்தபடி அண்ணன் கேட்டான்: “சார், வண்டி ஏன் நகரல?”

“எந்த வண்டி?”

“குதிரை வண்டி சார். பத்தாங் கிளாஸ். ரெண்டு மார்க்.”

வாத்தியார் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாக, வெளியே நின்ற வண்டியின் நீல எழுத்தைப் பார்த்தார். “அடப்பாவி. தரையின் தயவா?”

“நானேதான் சார்.”

வாத்தியாரம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “அந்தத் தயவா நீ? முட்டி வலியில எந்திரிக்கறப்பல்லாம் நாங்க அதத்தான்பா சொல்லிக்கறோம். தரையின் தயவால் எழுந்தேன், தரையின் தயவால் நடந்தேன்னு. இந்த வீட்டுல உன் பேரச் சொல்லாத நாளே இல்ல.”

விஷயம் என்னவென்றால், மாணவர்கள் எழுதிய வேடிக்கையான விடைகளை வாத்தியார் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தார். பீரோ அவ்வளவு கனம் கனத்ததற்கு அதுவும் ஒரு காரணம். சுவரைப் பிடித்து, சன்னலைப் பிடித்துப் போய்ப் பீரோவைத் திறந்து கோப்பை எடுத்தார். மேலாக இருந்தது அண்ணனின் தாள். அப்பாவின் கையெழுத்தோடு.

“சார், இப்ப சொல்லுங்க. பீரோ ஏன் நகரல?”

வாத்தியார் பீரோவைப் பார்த்தார், நுரையைப் பார்த்தார். “தரை ஒத்துழைக்கல.”

“அதத்தான சார் நானும் எழுதினேன்?”

“ஒத்துழைப்பு வேற, தயவு வேற.”

“மார்க்கப் போட்டுத் தொலைங்க,” என்றார் வாத்தியாரம்மா. “புள்ளைங்க ஈரத்துல உக்காந்திருக்கு.”

வாத்தியார் சிவப்புப் பேனாவை எடுத்தார். முப்பத்து மூன்றை அடித்துவிட்டு, முப்பத்து நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளை அண்ணனிடமே கொடுத்தார்.

“இன்னொண்ணு?” என்றான் அண்ணன்.

“பாதி விடைதான் எழுதியிருக்க. குதிரை வண்டிய இழுக்குது, வண்டி குதிரைய இழுக்குது, ரெண்டும் சமம். அப்புறம் ஏன் ரெண்டும் கழிஞ்சு பூஜ்யமாகல? அத நீ எழுதல. படம் போட்டு, யாரு யார் மேல தள்றாங்கன்னு அம்புக்குறி போட்டுக் கொண்டா. திருத்தித் தரேன்.”

“எப்ப வரைக்கும் டைம் சார்?”

“பரீட்சை முடிஞ்சு நாப்பது வருஷம் ஆச்சு. இனிமே என்ன மணியா அடிக்கப் போறேன்?”

கூடத்தை உலர்ந்த துணியால் துடைத்து, காலுக்கடியில் சாக்கு போட்டு, பீரோவைப் பத்து நிமிடத்தில் வெளியே கொண்டுபோனார்கள்.

அந்த ஒரு மதிப்பெண் அண்ணனைப் பாடாய்ப் படுத்தியது. பீரோ தன்னைத் தள்ளுகிறது என்பதை அவனால் நம்பவே முடியவில்லை. “அது பாட்டுக்கு நிக்குது, பாவம். அது மேல பழி போடச் சொல்றாரு” என்பான். சாப்பிடும்போது தட்டைத் தள்ளிப் பார்ப்பான். சுவரில் கை வைத்து, சுவர் ஏதாவது செய்கிறதா என்று காத்திருப்பான். ஒரு நாள் ஆணி என்னிடம் ரகசியமாக, “அண்ணன் ஃபிரிட்ஜ்கிட்ட ‘நீ என்னத் தள்றியா?’ன்னு கேக்கறாருக்கா. கஸ்டமர் பாத்துட்டாங்க” என்றான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் போயிருந்தேன். ஏதோ ஒரு அலுவலகத்தில் வேண்டாம் என்று கொடுத்த, சக்கரம் வைத்த நாற்காலிகள் இரண்டு கூடத்தில் கிடந்தன. ஒன்றில் அண்ணி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் இன்னொன்றில் உட்கார்ந்து, காலைத் தூக்கிக்கொண்டு, அண்ணியின் நாற்காலியைக் கையால் ஒரு தள்ளு தள்ளினான்.

அண்ணி ஓரடி பின்னால் போனாள். அண்ணன் இரண்டடி பின்னால் போய்க் கதவில் முட்டினான்.

“நான்தான தள்ளினேன்? நான் ஏன் பின்னால போனேன்?”

“என்னத் தள்ளினா நான் சும்மா இருப்பேனா?” என்றாள் அண்ணி.

“நீ கையையே தூக்கலியே!”

“கையில வெங்காயம் இருந்துச்சு. இல்லேன்னா தூக்கியிருப்பேன்.”

அண்ணன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து மறுபடி தள்ளினான். மறுபடி இருவரும் போனார்கள். ஏழு தடவை. வெங்காயம் கூடம் முழுக்க உருண்டது.

“சின்னவளே,” என்று என்னைக் கூப்பிட்டான். “நான் தள்றது அவ மேல. அவ தள்றது என் மேல. ரெண்டும் ஒரே ஆள் மேல இல்லடி. வேற வேற ஆள் மேல! அப்புறம் எப்படிக் கழியும்?”

“அதத்தான் அண்ணே புத்தகத்துல போட்டிருக்கு.”

“புத்தகத்துல உங்க அண்ணிய எங்க போட்டிருக்கு?”

“அது சரி,” என்றாள் அண்ணி, “நான் ஓரடி போனேன், நீங்க ரெண்டடி போனீங்க. அது ஏன்?”

அண்ணன் வாயைத் திறந்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான். கனமான பொருள் குறைவாக நகரும் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். எங்கே சொல்லக் கூடாது என்பதும் தெரியும்.

மறுநாள் கடைக்குப் போய்க் கோடு போடாத விடைத்தாள், பென்சில், அளவுகோல், அழிப்பான் வாங்கி வந்தான். ஐம்பத்தேழு வயதில் யாரும் பார்க்கக் கூடாதென்று அவற்றைச் சாமான் கட்டும் கயிறுகளுக்கு நடுவே ஒளித்து வைத்தான். குதிரை வரைந்தால் நாய் மாதிரி வருகிறது என்று குதிரையையும் வண்டியையும் விட்டுவிட்டு, ஒரு ஆளையும் பீரோவையும் வரைந்தான். அதற்கே மூன்று வாரம் ஆயிற்று. அம்புகள் போட உட்கார்ந்தது அந்தக் கடைசி நாள் காலையில். வேலைக்குக் கிளம்பும் முன், சாப்பாட்டு மேசையில். அண்ணி பார்த்திருக்கிறாள். கீழே தெருவில் ஆணி வண்டியின் ஹாரனை அடித்திருக்கிறான். “வரேண்டா, பரீட்சை எழுதற மனுஷன விடமாட்டேங்கறான்” என்று சொல்லி, தாளை மடிக்காமல் மேசையில் வைத்து, மேலே உப்பு ஜாடியை வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

மூன்றாம் நாள் வாத்தியார் வந்தார். வாத்தியாரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். சட்டைப் பையில் சிவப்புப் பேனா. நாற்காலியில் உட்கார வைத்தோம். அது சக்கர நாற்காலி என்பதை மறந்துவிட்டோம். சற்றே பின்னால் போய் நின்றார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அண்ணி சிரித்தாள். பிறகு எல்லோரும்.

“எதாவது குடுத்துட்டுப் போனானா?” என்று கேட்டார்.

அண்ணி உப்பு ஜாடியை நகர்த்தித் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் பழைய தாளையும் வைத்தாள். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

“ஆள் பீரோவத் தள்றான். சரி.” ஒரு சிவப்பு டிக். “ஆள் காலால தரையப் பின்னால தள்றான். சரி.” இன்னொரு டிக். “தரை ஆள முன்னால தள்ளுது. சரி. மொத அம்ப விட நீளமாவே போட்டிருக்கான். போடத்தான் வேணும், இல்லேன்னா நகராது.” அந்த அம்பின் பக்கத்தில் உராய்வு என்று எழுதி, அடைப்புக்குள் தயவு என்று எழுதியிருந்தான். வாத்தியார் அதை அடிக்கவில்லை.

நான்காவது, பீரோ ஆளைத் தள்ளுவது. கோடு இருந்தது. எந்தப் பக்கமும் முனை இல்லை.

ஆணி கதவோரம் நின்றுகொண்டிருந்தான். “நான்தான் சார் ஹாரன் அடிச்சேன்,” என்றான். “அந்த முனைய நீங்களே போட்டுடுங்க சார். ரெண்டே ரெண்டு கோடு.”

“திசை இல்லாம விசை கிடையாது,” என்றார் வாத்தியார். “நான் போட்டா அது என் விடை.”

“அப்ப எங்க அண்ணன் ஃபெயிலா சார்?”

வாத்தியார் பேனாவை மூடினார். “தாள இன்னும் குடுக்கலப்பா அவன். குடுக்காத தாள எப்படித் திருத்தறது? எழுதிட்டிருக்கான்னு அர்த்தம்.”

வாத்தியாரம்மா அவரை எழுப்பினார். அவர் எழுந்ததும் இருவரும் பழக்கத்தில் ஒன்றாகத் ‘தரையின் தயவால்’ என்றார்கள். சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி தலையசைத்தாள்.

இரண்டு தாளும் இப்போது என்னிடம் இருக்கின்றன. பழையதில் மொத்தம் முப்பத்து நான்கு. புதியதில் ஆள் பீரோவைத் தள்ளும் அம்பை அளவுகோல் வைத்து அளந்தேன். நாலே முக்கால் சென்டிமீட்டர். பீரோ ஆளைத் தள்ளும் கோடும் நாலே முக்கால் சென்டிமீட்டர். அதற்கு இன்னும் முனை போடவில்லை.